ஒரே மேசையில் இரு வேறு அகலங்களில் மாதிரி ரயில் பாதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் எச்ஓ வகை மாதிரி ரயில் தொகுதி ஒன்று உள்ளது. மகனுடைய மாமனார் கனடாவிலிருந்து வந்தபோது ‘என்’ வகைச் சிறிய ரயில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியதை அகலப் பாதை ரயிலாகவும் சிறியதைக் குறுகிய பாதை ரயிலாகவும் வைத்து ஒரே மேசையில் ஓட்டலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தண்டவாளத்தை வைத்துக்கொள்ளலாம், ரயிலை அப்படியே வைக்க முடியாது. பாதையின் அகலம் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம்) வேறு, அளவுத்திட்டம் (சுருக்கும் விகிதம்) வேறு. எச்ஓ என்பது உண்மைப் பொருளை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது. ‘என்’ (எழுத்தின் பெயர் அது, ‘என்னுடைய’ என்று வாசித்துவிட வேண்டாம்) 160இல் ஒரு பங்காகச் சுருக்குவது. உங்கள் எச்ஓ நிலைய அதிபர் ஏறத்தாழ 19.5 மில்லிமீற்றர் உயரம் இருப்பார். ‘என்’ பெட்டியின் கதவோ 12 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். குறுகிய பாதை ரயிலிலும் ஏறுபவர் அதே மனிதர்தான் என்பதால், அவர் குனிந்தும் நுழைய முடியாத கதவு கண்ணை உறுத்தும்.

ஆனால் அந்த ரயிலின் அடிப்பாகம் பொன்னானது. மேலுடலைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் சில்லுகளும் உள்ள அடிச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தகட்டாலோ தடித்த அட்டையாலோ 1:87 அளவில் புதிய உடலைக் கட்டுங்கள். ‘என்’ பாதையின் 9 மில்லிமீற்றர் அகலத்தை 87ஆல் பெருக்கினால் 783 மில்லிமீற்றர் வரும். இது உண்மையில் இருந்த 762 மில்லிமீற்றர்க் குறுகிய பாதைக்கு மிக நெருக்கமானது. ஐரோப்பாவில் எச்ஓஈ என்று வழங்குவதும் இந்தச் சேர்க்கையைத்தான். ஒரு குறை மட்டும் உண்டு: ‘என்’ தண்டவாளத்தின் சிலிப்பர்க் கட்டைகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். குறுகிய பாதைக்கென்றே விற்கும் 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தை வாங்குங்கள்; இல்லையேல் கட்டைகளைச் சரளைக்குள் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று தண்டவாளங்களைப் போட்டு, ஒரே பாதையில் இரு வகை ரயில்களையும் ஓட்ட முடியுமா? மின்சாரம் குழம்பாதா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: முடியும். அமெரிக்காவின் கொலராடோவில் அலமோசாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் இடையே உண்மையிலேயே அப்படி ஓடின. ஓரத்துத் தண்டவாளம் ஒன்று இரண்டுக்கும் பொதுவாக இருக்க, 1435 மில்லிமீற்றர் வண்டி வெளித் தண்டவாளத்தையும் 914 மில்லிமீற்றர் வண்டி நடுத் தண்டவாளத்தையும் பயன்படுத்தின.

நேர்பாதையில் மின்சாரம் குழம்பாது: பொதுத் தண்டவாளத்துக்கு ஒரு முனையையும் மற்ற இரண்டுக்கும் மறுமுனையையும் கொடுத்தால் போதும். நடுத் தண்டவாளத்துக்குத் தனிச் சுவிட்ச் வைத்தால், ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டலாம். ஆனால் குறுகிய பாதை ஓரிடத்தில் எதிர்ப்பக்கம் மாறினால், நடுத் தண்டவாளமும் அதன் புதிய துணையும் ஒரே முனையில் நிற்கும். அந்தப் பகுதியைக் காப்பிட்டு வெட்டி, முனையை மாற்றிக் கொடுக்காவிட்டால் வண்டி நகராது.

உண்மையான தலைவலி பாதை பிரியும் பொயின்றில்தான் இருக்கிறது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் சாதாரணப் பொயின்றில் உள்ளதைவிடக் கூடுவதால், உலோகக் கூர்முனை ஒவ்வொன்றையும் தனியே காப்பிட்டு, பொயின்ற் திரும்பும்போது முனையும் மாறும்படி செய்ய வேண்டும். நான் முதலில் செய்த மூன்று தண்டவாளப் பொயின்றில், ரயில் ஏறிய கணமே கட்டுப்பாட்டுப் பெட்டி ‘டக்’ என்று மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. ஒரு மாலை முழுவதும் கம்பிகளைச் சோதித்த பிறகே, எச்ஓ சில்லின் உட்புறம், பொயின்றில் பக்கம் மாறி நகரும் நாக்குத் தண்டவாளம் திறந்திருக்கும்போது அதை உரசுவது தெரிந்தது. நாக்கின் திறப்பை ஒரு மில்லிமீற்றர் கூட்டியதும் கோளாறு தீர்ந்தது.

இன்னொரு சங்கடம் இரு வகைப் பெட்டிகளையும் ஒன்றோடொன்று கொளுவுவதில் வரும். ஒரு பக்கத் தண்டவாளம் பொதுவாக இருப்பதால், 16.5 மில்லிமீற்றர் எச்ஓ பாதையிலும் 9 மில்லிமீற்றர்க் குறுகிய பாதையிலும் ஓடும் இரு வண்டிகளின் நடுக்கோடுகளும் 3.75 மில்லிமீற்றர் விலகி நிற்கும், கொழுக்கிகள் சந்திக்கா. கொலராடோவில் இரு இடங்களிலும் கொழுக்கி உள்ள இடைவண்டியைச் செருகினார்கள். நீங்களும் ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மூன்று தண்டவாளத்தை ஒரு முழம் நீளத்துக்கு மேல் போடாதீர்கள், அதில் பொயின்றும் வேண்டாம். இரு பாதைகளும் ஒரு மேடையின் இருபுறமும் வந்து நின்று சரக்கை மாற்றுவதுதான் பார்க்கச் சுவையானது. பென்சில்வேனியாவில் மவுண்ட் யூனியன் என்னுமிடத்தில் பெரிய பாரந்தூக்கியால் சரக்குப் பெட்டியையே உயர்த்தி, அடியிலிருந்த சில்லுத் தொகுதியைக் குறுகிய பாதைக்குரியதாக மாற்றி அனுப்பினார்கள். அந்தத் தூக்கியைச் செய்து வைத்தால், வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ரயிலை மறந்து அதைத்தான் இயக்குவார்கள்.

கேள்வி: கொழும்பின் பழைய களனிவெளிக் குறுகிய பாதையையும் மருதானை நிலையத்தையும் எச்ஓவில் செய்யலாமா?
– தெமட்டகொடை வாசகர்

பதில்: தாராளமாக. களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படும்வரை 762 மில்லிமீற்றராக இருந்தது, அதற்கு 9 மில்லிமீற்றர் தண்டவாளம் கச்சிதம். சிக்கல் நம் இலங்கை அகலப் பாதையில்தான் உள்ளது: அது எச்ஓ தண்டவாளம் குறிக்கும் 1435 அன்று, 1676 மில்லிமீற்றர். எச்ஓவில் 19.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டியதற்குக் கடையில் கிடைப்பது 16.5. உண்மையில் அகலப் பாதை குறுகியதைப்போல் 2.2 மடங்கு, உங்கள் மேசையில் 1.8 மடங்குதான் இருக்கும். இரண்டையும் தொட்டாற்போல் அடுத்தடுத்துப் போட்டால் பழையவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு மேடையை வைத்துப் பிரியுங்கள், சிலிப்பர்க் கட்டைகளை மட்டும் 19.3க்கு ஏற்ற நீளத்தில் வெட்டுங்கள்.