கேள்வி கேட்கும் அறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களை நீங்கள் விடாமல் சிபாரிசு செய்வதால் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ பார்க்க உட்கார்ந்தேன். 40 நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. ஆக்ஸ்போர்டு, பழைய ஜாகுவார் கார், பீர், பேச்சுக்கு மேல் பேச்சு. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. மற்ற தொடர்களிலும் எல்லாம் ஒரு மேஜை முன்னால்தான் முடிகிறது என்கிறார்கள். இதில் எது ஆட்களைக் கட்டிப்போடுகிறது? நான் வேறு எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

அந்த மேஜைதான் விஷயமே. இங்கிலாந்தில் பெரும்பாலான போலீஸார் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. ஆகவே சுட்டுக் கதையை முடிக்கும் வசதி எழுதுபவருக்குக் கிடையாது. சந்தேகப்படும் ஆளை உட்காரவைத்துப் பேசவைத்தாக வேண்டும். அந்தப் பேச்சுக்கும் ஏகப்பட்ட கட்டுப்பாடுகள்.

1984இல் வந்த போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தைச் சுருக்கமாக ‘பேஸ்’ என்பார்கள். கைதானவர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததும் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். 24 மணி நேரத்துக்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையேல் வெளியே விட வேண்டும். கொலை போன்ற வழக்கில் சூப்பரின்டென்டென்ட் 36 மணி வரை நீட்டலாம். அதற்கு மேல் மாஜிஸ்ட்ரேட் முன் போய் நிற்க வேண்டும். அவர் அனுமதித்தாலும் மொத்தம் 96 மணிதான். “இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது” என்று ஒரு அதிகாரி சொல்லும்போது பதற்றம் வருவது அதனால்தான்.

காசெட் காலத்துத் தொடர்களில் விசாரணை அறையைக் கவனியுங்கள். புதுக் காசெட்டுகளின் உறையைச் சந்தேக நபரின் கண் முன்னால்தான் பிரிப்பார்கள். பதிவு தொடங்கும்போது கருவி நீளமாக அலறும். அது அடங்கியதும் தேதி, நேரம், யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். முடிந்ததும் ஒரு காசெட்டை சீல் வைத்து லேபிளில் கையெழுத்து வாங்குவார்கள். பக்கத்தில் வக்கீல், காசில்லாதவருக்கும் இலவசமாக வருவார். “நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறகு கோர்ட்டில் சொல்லப்போவதை இப்போது மறைத்தால் அது உங்கள் தரப்புக்குப் பாதகமாகலாம்” என்கிற எச்சரிக்கையின் இரண்டாம் பாதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1987இல் மோர்ஸ் தொடங்கியபோது அது இல்லை. இன்றைய தொடர்களில் ‘நோ காமென்ட்’ என்று ஒருவர் வாயை மூடுவது பாதுகாப்பும் சூதாட்டமும் சேர்ந்த ஒன்று.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜெட் மெர்குரியோவின் ‘லைன் ஆஃப் டியூட்டி’ (2012–2021). போலீஸையே விசாரிக்கும் போலீஸ். தன்னைவிட ஒரு பதவியாவது மேலே இருப்பவர்தான் கேள்வி கேட்க வேண்டும் என்ற உரிமையை அங்கே கத்திபோல வீசுவார்கள். முகத்தைவிட மேஜைமேல் இருக்கும் கோப்பைப் பாருங்கள். நல்ல விசாரணையில் அதிலுள்ள சான்றுப் புகைப்படம் முதலில் வெளியே வராது. “அன்று இரவு எங்கே இருந்தீர்கள்?” என்ற கேள்வி முதலில், பொய் பதிவாக வேண்டும், பிறகுதான் படம். வரிசை மாறினால் படத்துக்குத் தோதாக ஒரு விளக்கம் தயாராகிவிடும், வழக்கு போச்சு.

‘பிராட்சர்ச்’ தொடரின் முதல் பகுதியில் (2013) ஒரு அதிகாரி ஆத்திரத்தில் கைதானவர்மீது கைநீட்டிவிடுகிறார். பார்ப்பவருக்கு அது நியாயமாகவே படும். இரண்டாம் பகுதியில் அந்த ஒரு நிமிடத்தாலேயே கோர்ட் வாக்குமூலத்தை ஏற்க மறுக்கிறது. நம் சட்டத்தில் நிலைமை வேறு: 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இன்றுவரை, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பொதுவாகச் சான்றாக வைக்க முடியாது. இங்கிலாந்தில் அது செல்லுபடியாகும் என்பதால்தான் அந்த அறைக்கு அவ்வளவு கனம்.

எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பத்து நிமிடத்தில், ஒரு சான்றும் காட்டாமலேயே கொலையாளி எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க, பக்கத்தில் வக்கீல் பொம்மையாக உட்கார்ந்திருக்கும் கதைகள் நிறைய உண்டு. அவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

‘ஹேப்பி வேலி’யில் தொடங்குங்கள். சாலி வெயின்ரைட் எழுதியது. 2014, 2016, 2023 என்று மூன்றே பகுதிகள், பகுதிக்கு ஆறு அத்தியாயம். மேற்கு யார்க்ஷயர் பேச்சு காதில் பிடிபட நேரமாகும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சாரா லங்காஷயர் நடிக்கும் கேத்தரின் துப்பறியும் பிரிவில் இல்லை, சீருடை சார்ஜென்ட். தெருவில் அவள் கண்டுபிடிப்பதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலை லங்காஷயர் முகத்தில் பார்க்க வேண்டும். அடுத்து ‘லைன் ஆஃப் டியூட்டி’, முதல் பகுதியிலிருந்து வரிசையாக.

மோர்ஸைக் கடைசியில் எடுங்கள். 2000 வரை 33 கதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நிமிடம், அதாவது முழுப் படம். நீங்கள் எழுந்தபோது பாதிகூட ஆகியிருக்காது. மோர்ஸ் மகா புத்திசாலி, ஆனாலும் அடிக்கடி தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போது சார்ஜென்ட் லூயிஸ் வீட்டு விஷயம் பேசுவதுபோல ஏதோ சொல்வார், மோர்ஸ் சட்டென்று நிமிர்வார். அடுத்த முறை லூயிஸ் வாயைத் திறக்கும்போதெல்லாம் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.