‘கிரிமியா போரும் வந்து நிற்கிறதே!’: குற்றவியல் ஆய்வும் நூலகத் தேடலும் – கேள்விகளுக்கு ஒரு நூலகரின் பதில்கள்

நூலகக் கேட்லாக்கில் ‘டெத் பெனால்ட்டி’ என்று தேடினேன். ஏழெட்டுப் புத்தகம்தான் வந்தது. மரண தண்டனை பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்களா?

நிறைய இருக்கிறது. நீங்கள்தான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பல கல்லூரி நூலகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று குறிக்கும் நிலையான பெயர்களைப் பயன்படுத்துகின்றன. அதில் மரண தண்டனை ‘கேப்பிட்டல் பனிஷ்மென்ட்’. விடுதலையானவர் மறுபடி குற்றம் செய்வது ‘ரெசிடிவிசம்’. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வந்த ஏழெட்டில் தோதான ஒன்றைத் திறந்து, பதிவின் அடியில் ‘சப்ஜெக்ட்’ வரியைப் பாருங்கள். அங்கே உள்ள சொல்லைச் சொடுக்கினால் அந்தத் தலைப்பில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். என் மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆய்வுக் கேள்வியை, கட்டுரைகளைத் தேடும் டேட்டாபேஸில் அப்படியே போட்டால் ஒன்றும் வருவதில்லை. ஒரு சொல் மட்டும் போட்டால் பல்லாயிரம் வருகிறது.

வாக்கியத்தை உடையுங்கள். ‘சிறையில் படித்தவர்கள் திரும்பக் குற்றம் செய்வது குறைகிறதா’ என்பதில் சரக்கு மூன்றுதான்: சிறை, கல்வி, மறுகுற்றம். ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். மூன்று அடைப்புகளையும் ‘அண்ட்’ (AND: எல்லாமே இருக்க வேண்டும்) போட்டு இணையுங்கள். ‘குறைகிறதா’ வேண்டாம், அதைக் கட்டுரைதான் சொல்ல வேண்டும்.

நட்சத்திரக் குறியும் (*) உதவும். ‘பிரிசன்’ பின்னால் அதைப் போட்டால் ‘பிரிசன்ஸ்’, ‘பிரிசனர்’ எல்லாம் சேர்ந்து வரும். அளவாகப் போடுங்கள். ஆங்கிலத்தில் ‘கிரைம்’ என்பதை முதல் நாலு எழுத்தோடு நிறுத்தி நட்சத்திரம் போட்ட ஒருவருக்கு கிரிமினல், கிரிமினாலஜியோடு கிரிமியா போரும் வந்து நின்றது.

ஆய்வுப் பத்திரிகை கேட்லாக்கில் இருக்கிறது, அதில் வந்த கட்டுரை இல்லையே?

கேட்லாக் பொதுவாகப் பத்திரிகையின் பெயரோடு நின்றுவிடும். கட்டுரைக்கு ‘கிரிமினல் ஜஸ்டிஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ போன்ற டேட்டாபேஸுக்குப் போங்கள். பத்திரிகைகளில் வராத அரசு ஆய்வறிக்கைகளுக்கு, அமெரிக்காவில் 1972-ல் தொடங்கிய என்.சி.ஜே.ஆர்.எஸ். என்ற குற்றவியல் நீதித் தகவல் சேவை இருக்கிறது. அதில் காசில்லாமல் தேடலாம்.

அமெரிக்கக் குற்றப் புள்ளிவிவரம் ஒரே ஆண்டுக்கு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. எஃப்.பி.ஐ. 1930 முதல் திரட்டுவது போலீஸ் காதுக்கு எட்டிய குற்றங்களை. 1973-ல் தொடங்கிய ‘நேஷனல் கிரைம் விக்டிமைசேஷன் சர்வே’, குற்றத்துக்கு ஆளானீர்களா என்று வீட்டில் இருப்பவர்களிடமே கேட்கிறது. புகார் கொடுக்காததும் அதில் வரும். கொலை மட்டும் வராது. செத்தவரிடம் எப்படிக் கேட்பது? எதை எடுத்தீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

அலமாரியில் குற்றவியலுக்கான 364-ஆம் எண்ணைத் துழாவிவிட்டேன். போலீஸ் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி முறையில் போலீஸ் 363.2. சிறை 365. குற்றவியல் சட்டம் 345, அது வேறு வரிசையில் இருக்கும். கொஞ்சம் நடக்க வேண்டியதுதான்.