துப்பாக்கி உரிமம் உள்ளவரின் காரை அமெரிக்கப் போலீஸ் சோதனையிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவரை வேகமாக ஓட்டியதற்கோ, விளக்கு எரியாததற்கோ போலீஸ் நிறுத்துகிறது. காரில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவுடன் கார் முழுவதையும் சோதனையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டா? ஓட்டுநர் மறுக்கலாமா?

பதில்:

துப்பாக்கி இருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால் கார் முழுவதையும் துழாவ அதிகாரம் கிடையாது. நீங்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் இந்த உரிமைக்கு இருக்கும் பலம் இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இடுப்பில் துப்பாக்கியுடன் வண்டி ஓட்டக் கூடாது என்று நினைக்கிறேன். நான் டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே வசிக்கிறேன். துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. உரிமம் வாங்கிய நாளிலிருந்து இது பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படித்துவருகிறேன், என் குடும்பத்தின் பாதுகாப்பு இதில் அடங்கியிருப்பதால்.

அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் 1791 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணமில்லாமல் அரசு உங்கள் உடலையும் உடைமைகளையும் சோதிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் வாரண்ட் வேண்டும். காருக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. மதுவிலக்குக் காலத்தில், கார் இருக்கைக்குள் ஒளித்துக் கடத்திய விஸ்கி பற்றிய கரோல் வழக்கில், 1925இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்மானித்தது. கார் நகர்ந்துவிடும், வாரண்ட் வாங்கி வருவதற்குள் சாட்சியம் மறைந்துவிடும். எனவே குற்றத்துக்கான சாட்சியம் உள்ளே இருக்கிறது என்று நம்பப் போதிய முகாந்திரம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம். ஆனால் அந்த முகாந்திரம் ஒரு குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். உரிமத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கி குற்றம் அல்லவே.

இங்கேதான் போலீஸாரின் பாதுகாப்பு என்ற இன்னொரு வாசல் திறக்கிறது. பிலடெல்பியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக ஒருவரை நிறுத்தி, காரை விட்டு இறங்கச் சொன்னார்கள். இறங்கியவரின் கோட்டுக்கு அடியில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் தோட்டா நிரப்பிய ரிவால்வர். 1977இல் முடிந்த இந்த மிம்ஸ் வழக்குக்குப் பிறகு, சட்டப்படி நிறுத்திய எந்த ஓட்டுநரையும் தனிக் காரணம் எதுவும் சொல்லாமலே இறங்கச் சொல்லலாம் என்பது நிலைபெற்றுவிட்டது. இறங்க மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1983இல் வந்த மிச்சிகன் எதிர் லாங் தீர்ப்பு இன்னும் ஓர் அடி முன்னே போனது. ஓட்டுநர் ஆபத்தானவர், அவர் உடனே ஓர் ஆயுதத்தை எட்டி எடுத்துவிடுவார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், பயணிகள் அமரும் பகுதியில் ஆயுதம் இருக்கக்கூடிய இடங்களை அதிகாரி பார்க்கலாம். டிக்கி இதில் வராது. ஆயுதம் ஒளிக்க இடமில்லாத சின்ன உறைகளும் வராது.

இதை வைத்துக்கொண்டு சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரையும் ஆபத்தானவர்கள் என்று சொல்லிவிடலாமா? அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ராபின்சன் வழக்கில், சட்டப்படி நிறுத்தப்பட்ட ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதாக நம்பக் காரணம் இருந்தாலே போதும், அவர் ஆபத்தானவரும்தான், தடவிப் பார்க்கலாம் என்றது. உரிமம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த நீதிமன்றத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப் படவில்லை. விரல் ரேகை கொடுத்து, பின்னணிச் சோதனையைத் தாண்டி, உரிமம் வாங்கியவரை அந்த உரிமத்தையே காரணமாக்கிச் சந்தேகிப்பது என்றால், சட்டத்தை மதித்ததற்கு அவருக்குக் கிடைத்த பலன் என்ன?

எதிர்த் திசையிலும் தீர்ப்புகள் உண்டு. உரிமம் பெற்று ஆயுதம் ஏந்தலாம் என்று சட்டம் சொல்லும்போது, ஒருவர் ஆயுதம் மறைத்துவைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் அவரைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் 2018 நவம்பரில் நடந்த சம்பவம். கைபேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் உறைந்துபோனதால் ஒருவர் இரவில் காரை நிறுத்தி அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். வந்த அதிகாரி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். அதோடு துப்பாக்கி உரிமத்தையும் நீட்டி, கதவுப் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். உடனே அவரை வெளியே இழுத்து, விலங்கு மாட்டி, போலீஸ் காரின் பின்னால் அடைத்துவிட்டு, கார் முழுவதையும் டிக்கி உட்படச் சோதித்தார்கள். உரிமம் உண்மையானதா என்று சரிபார்ப்பதற்கு முன்பே இத்தனையும் நடந்தது. அவர் வழக்குப் போட்டார். 2024இல் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமத்தைக் காட்டிய ஒருவரிடம் துப்பாக்கி இருப்பது கைதுக்கோ முழுச் சோதனைக்கோ முகாந்திரம் ஆகாது என்றது. பணியில் செய்ததற்காக வழக்கிலிருந்து தப்பித்துக்கொள்ளும் பாதுகாப்பையும் அந்த அதிகாரிக்குத் தர மறுத்தது.

சட்டம் இப்படி இருந்தாலும் தீர்ப்புகளை மட்டும் நம்பி யாரும் தைரியமாக இருந்துவிட வேண்டாம். பிலாண்டோ காஸ்டீலை நினைத்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவில் ஒரு பள்ளியின் சமையல்கூட மேற்பார்வையாளர். 32 வயது. உரிமம் வைத்திருந்தார். 2016 ஜூலை 6ஆம் தேதி செயின்ட் பால் அருகே ஃபால்கன் ஹைட்ஸில் அவருடைய காரை நிறுத்தினார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாக அவரே சொன்னார். அடுத்த சில விநாடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டு அவரைக் கொன்றார். பக்கத்தில் தோழி, பின் இருக்கையில் அந்தத் தோழியின் நான்கு வயதுக் குழந்தை. மறு ஆண்டு ஜூனில் அந்த அதிகாரியை ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். காஸ்டீல் கறுப்பினத்தவர். நம் நிறத்தில் இருப்பவர்களும் அந்தக் காணொளியை மறக்கக் கூடாது. அதிகாரியின் பயத்தைத் தூண்டாமல் நடந்துகொள்வதும், உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. அதனால்தான் இது எளிதல்ல.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹூஸ்டன் அருகே பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, 45ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சிறிய ஊரின் அதிகாரி, தடம் மாறும்போது இண்டிகேட்டர் போடவில்லை என்று நிறுத்தினார். உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டேன். டெக்சாஸில் உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியுடன் இருக்கும்போது அதிகாரி அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் காட்ட வேண்டும். இரண்டையும் கொடுத்து, வலது இடுப்பில் உறைக்குள் இருக்கிறது, நீங்கள் சொல்லாமல் அதைத் தொட மாட்டேன் என்றேன். இறங்கச் சொல்லி, துப்பாக்கியை அவரே எடுத்துக்கொண்டார். தன் பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாக நம்பினால் அப்படி எடுக்க டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. ஆபத்து இல்லை, கைதும் இல்லை என்றால் போக விடுவதற்கு முன் அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பிறகு மிகவும் சாதாரணமான குரலில், காருக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை என்றேன். மறைக்க ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை, ஆனாலும் சம்மதமில்லை என்றேன். மோப்ப நாயை வரவழைக்கலாம் என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் போகலாமா என்று மட்டும் பணிவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, எச்சரிக்கைச் சீட்டை எழுதிக் கொடுத்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியாகத் திருப்பித் தந்தார்.

கார் கிளம்பியதும் என் மனைவிக்குக் கோபம். “பார்த்துவிட்டுப் போகட்டுமே. குங்குமமும் புளியோதரையும் தவிர இதில் என்ன இருக்கிறது?” என்றாள். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் ஆட்கள் பெரும்பாலும் சம்மதித்துவிடுவதற்கும் அந்த வளர்ப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் சம்மதம் கொடுத்த அந்த நொடியில் மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லாம் உங்களுக்குப் பயன்படாமல் போய்விடுகின்றன. முகாந்திரம் இருந்ததா, ஆபத்து இருந்ததா என்று பிறகு எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. மறுக்க உரிமை உண்டு என்று அதிகாரி உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அதை 1973இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. போன வாரம் உங்கள் காரில் வந்த நண்பரின் மகன் இருக்கைக்கு அடியில் எதைத் தவறவிட்டான் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? டெக்சாஸில் சிறு கஞ்சாத் துண்டு கிடைத்தாலும், சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கி சட்டவிரோதமாக வைத்திருந்ததாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

நாய் விஷயத்தில் 2015இல் வந்த ரோட்ரிகஸ் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நெப்ராஸ்காவில் எச்சரிக்கைச் சீட்டை எழுதி முடித்த பிறகு, ஏழெட்டு நிமிடம் காக்கவைத்து நாயை மோப்பம் பிடிக்கவிட்டார்கள். வேறு நியாயமான சந்தேகம் இல்லாமல் அப்படி நீட்டிப்பது தவறு என்றது உச்ச நீதிமன்றம். சீட்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் நாய் வந்துவிட்டால் கதை வேறு.

துப்பாக்கி இருப்பதை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். அது மாநிலத்தைப் பொறுத்தது. மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் கேட்காமலே சொல்லியாக வேண்டும். ஒஹாயோவில் 2022 வரை அப்படி இருந்தது, இப்போது கேட்டால் சொன்னால் போதும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், அதிகாரி உங்கள் கை இடுப்புப் பக்கம் போவதைப் பார்க்க நேரும் என்றால் முன்பே சொல்லிவிடுவதுதான் நல்லது. “துப்பாக்கி” என்று தொடங்காமல் “என்னிடம் உரிமம் இருக்கிறது” என்று தொடங்குங்கள். வண்டிப் பதிவுச் சான்றும் காப்பீட்டுச் சீட்டும் துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில் இருக்கவே கூடாது. காகிதம் எடுக்கப் போன கை துப்பாக்கி எடுக்கப் போன கையாகத் தெரியும்.

மாநில எல்லையைத் தாண்டினால் உங்கள் உரிமம் செல்லுபடியாகாமல் போகலாம். நியூ ஜெர்சி போன்ற கடுமையான மாநிலம் வழியாகப் போக வேண்டியிருந்தால், 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் துப்பாக்கியை வைத்துக் கடந்துபோகலாம். தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், முன்புற கிளவ் பாக்ஸ் அதற்கு ஆகாது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான் இதுவும் பொருந்தும்.

நம்மவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம் என்று வந்த சட்டத்தைப் பார்த்து, நமக்கும் பொருந்தும் என்று சில இளைஞர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருந்தாது. கிரீன் கார்டு இருந்தால் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடியக்கூடிய ஒன்று, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் பறித்துவிடும். சோதனைக்குச் சம்மதிக்காதீர்கள் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மறுத்தும் சோதிக்கிறார்கள் என்றால் உடம்பால் தடுக்காதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள், கதவை அடைக்காதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். சம்மதமில்லை என்பதை அதிகாரியின் உடல்கேமராவில் பதிவாகும்படி தெளிவாக இன்னொரு முறை சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். வீட்டுக்குப் போனதும் நேரம், இடம், அதிகாரியின் பேட்ஜ் எண், யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதிவைத்து, அந்த மாநிலத்தில் இத்தகைய வழக்கு நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள். உடல்கேமரா பதிவை அழியாமல் வைத்திருக்கும்படி அவர் மூலம் உடனே எழுதிக் கேளுங்கள். காலம் பிடிக்கும். 2018இல் நடந்த வாட்டர்பரி சோதனையில், அதிகாரி வழக்கைச் சந்தித்தாக வேண்டும் என்பதை மேல்முறையீட்டில் உறுதிப்படுத்த மட்டும் 2024 ஆகிவிட்டது.