விடுதலையான பன்னிரண்டாம் நாள் மறுபடியும் கூண்டில்

கேள்வி: சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். மாதிரி நீதிமன்றப் போட்டியில், ஆங்கிலேயக் கடற்கொள்ளைத் தலைவன் ஹென்றி எவரியின் மாலுமிகள் ஆறு பேருக்காக மேல்முறையீட்டில் வாதாட வேண்டும். 1696இல் லண்டன் ஓல்ட் பெய்லியில் இவர்களை ஜூரி விடுதலை செய்தது. பன்னிரண்டு நாளில் மறுபடியும் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற ஒரே வாதத்தை வைத்தால் ஜெயிக்க முடியுமா? பிற்காலத் தீர்ப்புகளையும் மேற்கோள் காட்டலாம் என்பது போட்டி விதி.

பதில்: அந்த ஒரே வாதத்தோடு போனால் பத்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். முதலில் ‘ஆறு பேர்’ என்பதைத் திருத்துங்கள். ஜோசப் டாசன் இரண்டாம் முறை குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவரது தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஒப்புக்கொண்டவரின் மேல்முறையீடு தனி ரகம். அவரைச் சேர்த்தால் மற்ற ஐவரின் வழக்கும் பலவீனப்படும். ஃபோர்சித், மே, பிஷப், லூயிஸ், ஸ்பார்க்ஸ் ஆகிய ஐவர்தான் உங்கள் கட்சிக்காரர்கள். 1696 நவம்பர் 25 அன்று தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டவர்களும் இவர்களே.

இனி, உங்கள் வாதம் ஏன் நிற்காது என்று பார்ப்போம். அக்டோபர் 19 அன்று நடந்த முதல் விசாரணை, 1695 செப்டம்பரில் அவுரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைக் கொள்ளையடித்தது பற்றியது. மக்காவிலிருந்து சூரத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. 31ஆம் தேதி நடந்த விசாரணையின் மையம், 1694 மே மாதம் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில் ‘இரண்டாம் சார்லஸ்’ என்ற தங்கள் சொந்தக் கப்பலையே கடத்தியது. இடம் வேறு, ஆண்டு வேறு, பறிகொடுத்தவர் வேறு. முன் விடுதலை என்ற தடை அதே குற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் 1964 கானலி தீர்ப்பில், ஒரே கொள்ளைச் சம்பவத்தில் எழுந்த கொலைக்கும் கொள்ளைக்குமே இந்தத் தடை பொருந்தவில்லை. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

நம் அரசியலமைப்பின் 20(2)ஐயும் நம்பாதீர்கள். ‘வழக்குத் தொடரப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர்’ என்றுதான் அது பேசுகிறது. விடுதலையானவருக்கு அங்கே இடமில்லை. அவருக்குப் பாதுகாப்பு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 300) இருக்கிறது. அதுவும் தனித்த குற்றத்துக்கு மறு விசாரணையை அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வுத் தொடரில் சேர்ந்தவை என்றால் மட்டும் மாநில அரசின் முன் ஒப்புதல் தேவைப்படும். நீதிபதி கேட்டால் சொல்லுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

உங்கள் உண்மையான பலம் சாட்சியத்தில் இருக்கிறது. இரண்டாம் விசாரணையில் கப்பல் கடத்தலோடு கதை நிற்கவில்லை. அப்ரூவர்களான (கூட்டாளிகளாக இருந்து அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர்கள்) ஜான் டானும் பிலிப் மிடில்டனும் கூண்டேறி, இந்தியக் கடலில் நடந்ததையும் சேர்த்தே சொன்னார்கள். கடத்தும்போது என்ன நோக்கம் இருந்தது என்பதைப் பின்னால் செய்தது காட்டும் என்பது அரசுத் தரப்பு நியாயம். ஆனால் அந்தப் ‘பின்னால் செய்தது’ குறித்துத்தான் ஜூரி ஏற்கெனவே விடுதலை கொடுத்துவிட்டதே! இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது ஒரு தமிழ்ப் பெயர் கொண்ட வழக்கு: 1950இல் பிரிட்டிஷ் காலனிகளுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முடிவு செய்த, மலாயாவிலிருந்து வந்த சாம்பசிவம் வழக்கு. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானவரைத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மறுபடியும் விசாரித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்ன வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்தார்கள். முந்தைய விடுதலை பற்றி அசெசர்களிடம் (ஜூரிக்குப் பதிலாக நீதிபதியோடு அமர்ந்து கருத்துச் சொல்பவர்கள்) சொல்லவே இல்லை. தண்டனை ரத்தானது. விடுதலைத் தீர்ப்பு பின்வரும் எல்லா நடவடிக்கைகளிலும் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. முன்பு விடுதலையான சம்பவங்களின் சாட்சியத்தையும் பொருத்தமிருந்தால் ஏற்கலாம் என்று 2000இல் பிரபுக்கள் சபை ‘இசட்’ வழக்கில் சொல்லி, சாம்பசிவத்தின் வீச்சைக் குறுக்கிவிட்டது. மேலும், ‘அங்கே விடுதலையை மறைத்தார்கள், இங்கே ஜூரிக்கு எல்லாம் தெரியுமே’ என்பார்கள். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரிந்த விதம்தான் கோளாறு. தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட், முதல் ஜூரியின் முடிவு நாட்டின் நீதிக்கே அவமானம் என்ற பொருள்படத் திறந்த நீதிமன்றத்தில் பேசினார். விடுதலைக்கு மதிப்புக் கொடுப்பது இருக்கட்டும், அதைத் திருத்த வந்தவர்களாகவே இரண்டாம் ஜூரி உட்கார வைக்கப்பட்டது. என் கணிப்பில் இந்த மேல்முறையீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

அந்த அவசரத்தின் காரணத்தையும் சொல்லலாம். கஞ்ச்-இ-சவாய் பறிபோன கோபத்தில் சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை விலங்கிட்டு அடைத்திருந்தார்கள். எவரியின் தலைக்கு அரசு 500 பவுண்டு அறிவிக்க, கம்பெனி அதை 1,000 ஆக்கியது. எவரி பஹாமாஸ் ஆளுநரின் கையை நனைத்துவிட்டு நழுவியவன், கடைசிவரை பிடிபடவே இல்லை. கிடைத்தவர்களை வைத்துத்தான் முகலாயருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்ரூவர் டானைச் சந்தேகிக்கக் காரணம் தேடி அலைய வேண்டாம். ராச்செஸ்டரில் அவர் தங்கிய விடுதியின் பணிப்பெண் அவரது மேலங்கியைத் தூக்கிப் பார்க்க, அது கனத்தது. உள்ளே வைத்துத் தைத்திருந்த தங்கக் காசுகள் 1,045 பவுண்டு பெறும். அப்படிப் பிடிபட்டவர், தன் கழுத்தைக் காக்க மற்றவர் கழுத்தைக் காட்டிக்கொடுக்கிறார். அன்று இப்படிப்பட்ட குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துச் சாட்சியம் பற்றி வாதாட உரிமை கிடையாது; அந்த உரிமை 1836இல்தான் வந்தது. சத்தியம் செய்து தானே சாட்சி சொல்ல 1898 வரை காத்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமி, தானே அப்ரூவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

‘சம்பளம் வராததால் நடந்த கலகம், கொள்ளை அல்ல’ என்று வாதாடத் தோன்றும். மாதக்கணக்கில் கூலி கிடைக்காமல் துறைமுகத்தில் கிடந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஜேம்ஸ் என்ற கப்பலிலிருந்து படகில் வந்தவர்கள் ‘குடிகாரப் போசன் (மாலுமிகளை மேற்பார்ப்பவர்) கப்பலில் இருக்கிறானா?’ என்று கேட்டார்கள். அது முன்கூட்டியே பேசிவைத்த சங்கேதச் சொல். கட்டாயத்தால் உடன் போனேன் என்ற மேயின் கதையும் எடுபடாது. அதே கப்பலில் இருந்த க்ரீ என்பவரின் தலையில் அவர் கைத்துப்பாக்கியை வைத்தார் என்பது சாட்சியம். ஸ்பார்க்ஸின் நிலை வேறு. விசாரணையின்போது வயது 19 என்றால், கலகத்தின்போது பதினேழைச் சுற்றித்தான் இருந்திருக்கும். அவருக்காகத் தனிப் பத்தி எழுதலாம்.

அவரைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும். கஞ்ச்-இ-சவாய் கப்பலில் பெண்களுக்கு நேர்ந்ததை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். மானத்துக்கு அஞ்சிக் கடலில் குதித்தவர்கள் உண்டு. தூக்குமேடையில் ஸ்பார்க்ஸே, இந்தியர்களுக்கு இழைத்த கொடுமைதான் தன்னை வாட்டுகிறது, கப்பலைத் திருடியது அதற்கு முன் சிறிது என்ற பொருளில் பேசினார். ‘உங்கள் கட்சிக்காரரே ஒப்புக்கொண்டாரே, வழக்கறிஞரே’ என்று நீதிபதி மடக்கினால் மழுப்பாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டது விடுதலையான குற்றத்தை. தூக்கிலிட்டது வேறு குற்றத்துக்கு. அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் சாட்சிய வாதத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

எழுத்துவாதத்தில் இரு குற்றப்பத்திரிகைகளின் தேதி, இடம், கப்பல் பெயர் ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே அருகருகே போடுங்கள். எதிர்த்தரப்புக்குச் சாதகமான அட்டவணைதான். ஆனாலும் அதை நீங்களே நீட்டினால், அவர்கள் நீட்டும்போது உறைக்காது.