தாத்தாவின் தோல் வாரை எண்ணெயில் ஊற வைக்கலாமா?

கேள்வி: தாத்தா சவரக்கத்தி தீட்டிய தோல் வார் பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது. இப்போது விறைத்து, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இரண்டு வெட்டுகளும் உள்ளன. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "ஒரு இரவு எண்ணெயில் ஊற வையுங்கள். இல்லாவிட்டால் என்னிடம் தள்ளிவிடுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். எண்ணெய் குடித்த தோல் தொளதொளவென்று ஆகிவிடும். கத்தி போகும் இடத்தில் அது பள்ளமாகி, விளிம்பைச் சுற்றி எழும்பி, கத்தியின் கூர்மையை மழுக்கிவிடும். சமையல் எண்ணெயாக இருந்தால் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறவும் செய்யும். தோலுக்குள் இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுக்க நல்ல வழி எதுவும் கிடையாது.

முதலில் அந்த வெள்ளை என்னவென்று பாருங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சில நொடிகளில் வெள்ளை மறைந்தால் அது தோலிலிருந்து வெளியே வந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். மறையாமல் மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை. வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

ஆனால் எந்த ஈரமும் படுமுன் செய்ய வேண்டிய அடுத்த சோதனையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் வாரை அழுத்தித் தேயுங்கள். கறுப்பாக வந்தால் அழுக்கு. நாலைந்து தடவையில் நின்றுவிடும். செங்காவி நிறத்தில் தூள் வந்து, எத்தனை தடவை துடைத்தாலும் நிற்காமல், ஓரத்தை நகத்தால் கீறினால் உதிர்ந்தால், தோலின் நாரே அமிலத்தால் இற்றுப்போய்விட்டது என்று பொருள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோல்களுக்கு வரும் நோய் இது. எந்த எண்ணெயும் இதை மீட்காது. ஈரம் பட்டால் கறுத்து இறுகி இன்னும் கெடும். அப்படியானால் அது நினைவுப் பொருள்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள். கத்தியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தூள் வரவில்லையென்றால் கவலை இல்லை. சேணத்துக்குப் போடும் சோப்பின் நுரையை மட்டும் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்து, பிழிந்த துணியால் துடையுங்கள். நனைக்காதீர்கள். ஈரத்தோடு இருக்கும்போது வெயிலோ சூடான காற்றோ பட்டால் தோல் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். ஒரு நாள் முழுக்க நிழலில் தட்டையாகக் கிடக்கட்டும்.

பிறகு மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் (நீட்ஸ்ஃபுட் எண்ணெய்), ஐந்தாறு சொட்டு மட்டும். கையில் பரப்பி, உள்ளங்கை சூடேறும் வரை தேயுங்கள். மறுநாள் காலையில் தடவிப் பாருங்கள். இன்னும் வறண்டிருந்தால்தான் அடுத்த ஐந்து சொட்டு. இங்கே ஒரு எரிச்சலைச் சொல்லியாக வேண்டும். சீசாவின் முகப்பில் இந்த எண்ணெயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கனிம எண்ணெய் கலந்த கலவை என்பது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். 'அசல் தோல்' முத்திரையும் இதே லட்சணம்தான். தோல் என்று மட்டும் சொல்லும், என்ன தரம் என்று சொல்லாது. வாங்குகிறவன்தான் பூதக்கண்ணாடியோடு அலைய வேண்டும்.

ஓரத்து வெட்டை அப்படியே விடுங்கள். நடுவில் உள்ள வெட்டில் தோல் மடல் போல் எழும்பியிருந்தால் ரப்பர் பசை தடவி அழுத்தி, காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய 400 எண் உப்புத்தாளாலும், பின் 600 எண்ணாலும் சமப்படுத்துங்கள். கடைசியாக ஒரு கண்ணாடிப் புட்டியை உருளை போல அழுத்தி உருட்டினால் வழவழப்பு திரும்பும். பின்புறம் கித்தான் இருந்தால் சோப்பு நுரையால் துடைத்தால் போதும். கூர் ஏற்றுவதற்காகத் தோலில் பூசும் பச்சைப் பசையை இந்த வாரில் பூசாதீர்கள். அதற்கு வேறு தோல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாபாரி கேட்டதற்கு எனக்குக் காரணம் தெரியும். 'புதுப்பித்தது' என்று ஒரு வாரை நானும் ஏமாந்து வாங்கியிருக்கிறேன். பத்து இழுப்பில் கத்தியின் விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்தது. விரிசல்களுக்குள் காலணி மெழுகை அப்பி மினுக்கியிருந்தார்கள்.

கத்தியை இழுக்கும்போது முதுகு முன்னே, கூர் பின்னே. கோடியில் திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். உங்கள் வாரில் உள்ள இரண்டு வெட்டும் பெரும்பாலும் கூரின் மேல் புரட்டியதால்தான் விழுந்திருக்கும். தாத்தாவாக இருக்காது, பெட்டியில் போடுமுன் வீட்டுப் பிள்ளைகள் யாரோ விளையாடியிருப்பார்கள்.