பழைய செங்கல் களஞ்சியங்களைப் பேணுதல்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நகர்ப்புறங்களில் எஞ்சியுள்ள பழைய செங்கல் களஞ்சியங்கள் குறித்து வன்னி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு, கட்டடப் பேணலில் ஈடுபட்டுள்ள பொறியியலாளர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

ஐயா, எங்கள் சங்கத்தின் பழைய களஞ்சியச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. இரண்டு மாரிக்கு முன்னர்தான் சீமெந்து பூசினோம். ஏன் இப்படி? (வவுனியா)

நீங்கள் பூசிய சீமெந்தே பெரும்பாலும் காரணம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி, பூச்சின் வழியாகவே வெளியே விடும். இறுக்கமான சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலும் உயரத்துக்கு ஏறுகிறது; அதில் கரைந்திருக்கும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகி, கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளுகிறது.

சீமெந்தைச் சிற்றுளியால் பொறுமையாகக் கொத்தி அகற்றிவிட்டு, சோளகம் வீசும் மாதங்களில் சுவரை உலரவிடுங்கள். பின்னர், நன்கு ஊறிப் பதப்பட்ட சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசி, சில நாள்களுக்கு ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். ஆனால் அதற்கு முன்னர் வெளியே போய்ப் பாருங்கள். வீதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே வந்து, களஞ்சியத்தின் தளம் வெளிநிலத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும். அந்த மண்ணை வெட்டி இறக்கி, சுவரை ஒட்டி வடிகால் அமைக்காமல் எந்தப் பூச்சைப் பூசினாலும் பயனில்லை.

ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போடலாமா? (கிளிநொச்சி)

வேண்டாம். பாரமான ஓட்டுக்காக அமைத்த கூரையில் இலேசான தகரத்தைப் போட்டால், இறுகப் பிணைக்காதவிடத்துப் பெருங்காற்று அதைத் தூக்கிவிடும். உள்ளே வெப்பமும் ஏறும். கறையான் தின்ற சலாகைகளை மட்டும் மாற்றுங்கள். பாலை அல்லது முதிரை கிடைத்தால் நல்லது.

கட்டடத்தின் வயதை எப்படி அறிவது? (வவுனியா)

காணி உறுதிகளையும் பழைய நில அளவைப் படங்களையும் முதலில் தேடுங்கள். வடக்குப் புகையிரதப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. நிலையத்தை அண்டிய களஞ்சியங்களுள் பல அந்தப் பாதையை நம்பி எழுந்தவை என்று கருத இடமுண்டு. ஒரு வரி நீளக்கல் (கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரிவது), ஒரு வரி தலைக்கல் (குறுகிய பக்கம் தெரிவது) என மாறிமாறி அடுக்கிய கட்டு, பிரித்தானியர் காலக் கட்டடங்களில் பரவலாகக் காணப்படுவது. ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். அதில் ஆண்டு இருந்தால் அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலை தொடங்கிய ஆண்டை ஓட்டில் பொறிக்கும் வழக்கமும் இருந்தது.

சட்டப் பாதுகாப்புப் பெற முடியுமா? தொல்லியல் திணைக்களம் வந்தால் காணி கைவிட்டுப் போகும் என்று ஊரில் அஞ்சுகிறார்கள். (முல்லைத்தீவு)

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய களஞ்சியம் ஒன்று பாதுகாக்கப்பட வேண்டுமாயின், அமைச்சர் அதனைத் தனியே வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அறிவித்தலால் மட்டும் உரிமை மாறுவதில்லை. ஆயினும் இடிக்கவும் மாற்றவும் அனுமதி பெறவேண்டியிருக்கும். உங்கள் ஊரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க நான் தயாரில்லை; வன்னியில் தொல்லியலும் காணியும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். எனவே எந்த விண்ணப்பத்துக்கும் முன்னர் காணியின் எல்லைகளையும் உரிமை ஆவணங்களையும் ஒழுங்குபடுத்தி, கட்டடத்தை அளந்து வரைந்து, ஒளிப்படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியானால், நகரத் திட்டத்தின் வழியாகவும் முயலலாம்.

பாதுகாப்புப் பெயரளவில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு மன்னார் மாவட்டத்தின் அரிப்பு என்னும் கரையோர ஊரைப் பார்க்கலாம். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனப் பிரித்தானிய ஆளுநர் நோர்த் காலத்தில் அங்கே செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய மாளிகையை நம்மவர் அல்லிராணிக் கோட்டை என்பர். அதன் அடிநிலத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்க, கட்டடம் துண்டுதுண்டாக விழுந்துகொண்டிருக்கிறது.

என் மாமியின் மகன் ஹம்பேர்க்கில் இருக்கிறார். அங்குள்ள செங்கல் பண்டகசாலைகளின் படங்களை அனுப்பினார். போரில் அவையும் அழிந்தனவாமே? எங்கள் களஞ்சியச் சுவரிலும் சன்னம் பட்ட துளைகள் உள்ளன. பூசி மறைக்கவா? (கிளிநொச்சி)

ஸ்பைக்கர்ஸ்டாட் எனப்படும் அந்தப் பகுதி 1880களிலிருந்து 1927 வரை கட்டங்கட்டமாக எழுந்தது. அதற்காக அங்கு குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற்றப்பட்டனர் என்பதை அழகிய படங்கள் சொல்வதில்லை. கட்டடங்கள் மரத் தூண்களை மண்ணில் அறைந்து அவற்றின் மேல் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அதில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. கட்டடக் கலைஞர் வேர்னர் கால்மோர்கன், மீட்கக்கூடியவற்றைப் பழைய வடிவில் மீட்டு, முற்றாக அழிந்த இடங்களில் தம் காலத்துக்குரிய எளிய கட்டடங்களை எழுப்பினார். 1991 இல் சட்டப் பாதுகாப்பும், 2015 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதியும் கிடைத்தன.

உங்கள் சுவரைப் பொறுத்தவரை, கட்டுமானத்தைப் பலவீனப்படுத்தும் உடைவுகளையும் நீர் இறங்கும் வெடிப்புகளையும் அதே அளவுச் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் சீர்செய்யுங்கள். மேலோட்டமான சன்னத் துளைகளை அப்படியே விடுவதே என் விருப்பம். அவையும் அந்தச் சுவரின் வரலாறுதான். இருப்பினும் அங்கே தினமும் வேலை செய்வோருக்கு அவற்றைப் பார்ப்பது வேதனையாயின், அவர்களுடைய சொல்லே முடிவாக இருக்கட்டும். மறைப்பதற்கு முன் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

களஞ்சியத்தைக் கலியாண மண்டபமாக்கலாம் என்கிறார்கள். பொருத்தமா? (மன்னார்)

வெறுமனே பூட்டிக்கிடப்பதைவிட எந்தப் பயன்பாடும் நல்லதே. காலியிலுள்ள ஒல்லாந்தர் காலப் பெரும் பண்டகசாலை கடல்சார் அருங்காட்சியகமாகி, 2004 ஆழிப்பேரலையில் சேதமுற்ற பின்னரும் சீர்செய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் கலியாண மண்டபம் என்றால் குளிரூட்டியும் போலிக் கூரைத்தட்டும் வரும். காற்றுக்கென உயரத்தில் வைத்த துவாரங்களை அடைப்பார்கள். கூரை ஒழுகுவதை எவரும் காணமாட்டார்கள். வாசிகசாலையோ, நெல்லும் கைப்பணிப் பொருள்களும் விற்கும் சந்தையோ அந்தக் கட்டடத்துக்கு இசைவானது. எதுவாயினும் கழிவறையையும் சமையற்கட்டையும் பழைய சுவரோடு ஒட்டாமல், பின்புறத்தில் தனியே கட்டுங்கள். மின்கம்பிகளைச் செங்கல்லை வெட்டிப் புதைக்காமல், சாந்து மூட்டுகளில் ஆணியடித்து வெளிப்படையாகக் கொண்டுசெல்லுங்கள்.