தேர்க்கட்டை யார் கையில்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கார் பந்தயக் குழுவையும் கடை நிர்வாகத்தையும் ஒப்பிட்டு நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளேர்வுட் பகுதியில் நாற்பது ஆண்டுகள் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். வயது எழுபத்தொன்று. பந்தயக் கார்களின் மீது எனக்குள்ள பிடிப்பு இன்னும் தளரவில்லை.

கேள்வி: பந்தயக் காருக்கு இரண்டு நொடியில் நான்கு சக்கரமும் மாற்றும் வீடியோவைக் காட்டி, "நீங்களும் இப்படி வேலை செய்ய வேண்டும்" என்கிறார் எங்கள் முதலாளி. நாங்கள் ஒன்பது பேர் கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கிறோம். இந்த ஒப்பீடு நியாயமா, ஐயா?
— சமையல் குழுவைச் சேர்ந்த ஒருவர், சாட்ஸ்வொர்த்

தம்பி, வீடியோ உண்மைதான். 2023இல் ஃபார்முலா ஒன் என்ற உலகக் கார் பந்தயத் தொடரின் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழு, ஓட்டுநர் நாரிஸின் காருக்கு 1.80 நொடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றியது. ஆனால் அந்த வீடியோவை நிறுத்தி, காரைச் சுற்றி நிற்பவர்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: நட்டைக் கழற்றி மாட்ட ஒருவர், பழைய சக்கரத்தை இழுக்க ஒருவர், புதியதைப் பொருத்த ஒருவர். அதுவே பன்னிரண்டு. முன்னும் பின்னும் ஜாக் தூக்க இருவர், கார் ஆடாமல் பிடிக்க இருவர், இன்னும் சிலர். ஏறத்தாழ இருபது பேர். பழைய சக்கரத்தை இழுப்பவர் அந்த ஒன்றைத்தான் செய்வார். உங்கள் குழுவில் வெங்காயம் நறுக்குபவரே அடுப்பையும் பார்த்து, லாரியில் அண்டாவையும் ஏற்ற வேண்டுமென்றால், அவரிடம் இரண்டு நொடி வேகம் கேட்பது அநியாயம்.

அந்த வேகத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் முதலாளிக்கு நம் ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டே சொல்லலாம். கார்டன் மரே 1946இல் டர்பனில் பிறந்து, இங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். இங்கிலாந்து போய் பிராபம் பந்தயக் குழுவின் கார் வடிவமைப்பாளர் ஆனார். அந்தக் காலத்தில் தொட்டி நிறைய எரிபொருளோடு புறப்பட்டு, நடுவில் நிற்காமல் ஓடி முடிப்பதே வழக்கம். மரே உட்கார்ந்து கணக்குப் போட்டார். பாதித் தொட்டியோடு புறப்பட்டால் எடை குறையும், மென்மையான டயரும் போடலாம். சுற்றுக்குச் சுற்று மிச்சமாகும் நேரம், நடுவில் நின்று போவதால் இழக்கும் நேரத்தைவிட அதிகமா? அதிகம் என்று கண்டார். புது டயர் குளிர்ந்து கிடந்தால் தரையைப் பிடிக்காது என்று தெரிந்ததும், டயரைச் சூடாக்க ஒரு அடுப்புப் பெட்டி செய்யச் சொன்னார். மெக்கானிக்குகளை மீண்டும் மீண்டும் பயிற்சி செய்யவைத்தார். 1982இல் இந்த ஏற்பாட்டோடு போன முதல் சில பந்தயங்களில், நிற்க வேண்டிய சுற்று வருவதற்கு முன்பே கார் பழுதாகிவிட்டது. பட்ட பாடெல்லாம் வீண் போலத் தெரிந்திருக்கும். குழு கைவிடவில்லை. 1983 அக்டோபர் 15ஆம் தேதி, நம் நாட்டின் கியாலாமி பந்தயத் திடலிலேயே, பிராபம் ஓட்டுநர் பிக்கே மூன்றாவதாக வந்து அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனார். வீடியோவில் தெரியும் இரண்டு நொடிக்குப் பின்னால் இப்படிப்பட்ட மாதங்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதில் காவடித் திருவிழாவில் தேர் இழுக்கும்போது, வடம் பிடித்த நூறு பேரையும் விட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரத்துக்குக் கட்டை போடும் ஒரே ஒரு பெரியவரைத்தான். அவர் கட்டையை எடுக்காமல் தேர் நகராது. பந்தயத்திலும் அப்படி ஒருவர் உண்டு. முன்பெல்லாம் நீண்ட கம்பில் பலகை பிடித்து நிற்பார், இப்போது விளக்கு. 2018இல் பஹ்ரைனில் ஃபெராரி காரின் இடது பின்சக்கரம் மாற்றப்படும் முன்பே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. விளக்கை நம்பி ஓட்டுநர் ரைக்கோனன் காரை எடுத்தார். சக்கரத்தின் முன் நின்ற மெக்கானிக்கின் கால் முறிந்தது. வேகம் மட்டும் கேட்கும் முதலாளிக்கு இதையும் காட்டுங்கள். தம் போட்ட அண்டாவைத் திறக்கலாம் என்று சொல்லும் உரிமை உங்களில் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் சொல்லும்வரை, மணமகனின் தந்தையே வந்து கேட்டாலும் மூடி அசையக் கூடாது.

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மனித உயிரைக் கவனிக்கும் எங்களுக்குக் கார் பந்தயத்திலிருந்து என்ன கிடைக்கும்?
— வாசகி, ஃபீனிக்ஸ்

மகளே, உங்கள் துறை முன்பாகவே கற்றுக்கொண்டது. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையை, அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தாக இருந்தன. குழாய்கள், சுவாசக் கருவி, மருந்து செலுத்தும் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைமாறும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மார்ட்டின் எலியட், ஆலன் கோல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் களைத்துப்போய்த் தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கள் வார்டில் நடப்பதும் இதுதானே என்று உணர்ந்தார்கள். ஃபெராரி குழுவிடமே போய்க் கேட்டார்கள். குழந்தையை மாற்றும்போது பொறுப்பில் இருப்பவர் யார் என்பதே தெளிவாக இல்லை என்பது அப்போது தெரிந்தது. அதன் பிறகு மயக்க மருந்து நிபுணர் பொறுப்பை ஏற்றார். யார் எதை எந்த வரிசையில் செய்வது என்று முடிவானது. முதலில் கருவிகள், பிறகுதான் பேச்சு. தவறுகள் குறைந்தன, 2007இல் ஆய்வாகவும் வெளியானது.

உங்கள் வார்டில் நோயாளி கைமாறும்போது, "இந்த நிமிடம் பொறுப்பு யாருடையது?" என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒரு இளைஞன் ஒரு சின்ன நட்டை முறுக்க மறந்தான். வாடிக்கையாளர் ஒருவரை இழந்தோம். வேலையைவிட்டு நீக்கலாமா?
— பட்டறை உரிமையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நீக்காதீர்கள். எனக்கு இது சொந்த விஷயம்.

பத்தொன்பது வயதில், இப்போது இல்லாத ஒரு பட்டறையில், பஸ் சக்கரம் ஒன்றைக் கையால் மாட்டிவிட்டு, முறுக்குவதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன். பஸ் பயணிகளோடு கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே ஓட்டுநருக்குச் சத்தம் கேட்டதால் நிறுத்தினார். ஐம்பது பேர் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். இதை எழுதும்போதும் என் கை சில்லென்று ஆகிறது.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து 1962ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். டிசம்பர் 29, நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் கடற்கரைத் திடலில் அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் தொடக்கத்திலிருந்தே முன்னால் போகிறார். அவர் வென்றால் உலகப் பட்டம் அவருக்கு. 82 சுற்றில் அறுபதைத் தாண்டியபோது காரின் பின்னால் புகை. இஞ்சினில் ஒரு சிறிய போல்ட் கழன்று விழுந்து எண்ணெய் ஒழுகிவிட்டது. பட்டம் கிரஹாம் ஹில்லுக்குப் போனது.

"அந்த போல்ட்டை மாட்டியவன் பெயர் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மேஸ்திரி. தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. லோட்டஸ் தலைவர் சாப்மன் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். போல்ட் விழுந்தால் தலைவன் தோற்றான். இன்று தோற்றவன் நான்" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. ஒருவர் முறுக்கிய நட்டை இன்னொருவர் சரிபார்த்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். கோடு இல்லாமல் பஸ் வாசலைத் தாண்டாது. முறுக்கிக்கொண்டிருப்பவரை நடுவில் வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பதும் அன்று முடிவானது; என் தவறின் பாதிக் காரணம் அந்தக் கூப்பிடல் என்பதை மேஸ்திரி கண்டுகொண்டார். அதே லோட்டஸ், அதே கிளார்க், அதே சாப்மன், 1963இல் பத்துப் பந்தயத்தில் ஏழை வென்று பட்டத்தை எடுத்தார்கள். உங்கள் இளைஞனை எந்த வேலையின் நடுவில் யார் கூப்பிட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: தலைமை என்றால் முதலாளி மட்டும்தானா? தொழிலாளர் ஒற்றுமைக்குப் பந்தயத்தில் உதாரணம் உண்டா?
— தொழிற்சங்க உறுப்பினர், பைன்டவுன்

உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. 1982 ஜனவரியில் கியாலாமி பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய உரிமத்தில் இருந்த, ஓட்டுநரை ஒரே குழுவோடு கட்டிவைக்கும் விதியை ஓட்டுநர் நிக்கி லவுடா கவனித்துச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் பஸ் ஏறி ஜோஹானஸ்பர்க் ஹோட்டல் ஒன்றுக்குப் போய், ஒரே அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். இராத்திரி அவர்களில் ஒருவரான எலியோ டி ஆஞ்சலிஸ் பியானோ வாசித்தார். ஓட்டுநர்கள் சார்பில் டிடியே பிரோனி வெளியே அதிகாரிகளிடம் பேரம் பேசினார். உள்ளே இருந்தவர்கள் அவர் சொல்லை நம்பிக் காத்திருந்தார்கள். மறுநாள் உடன்பாடு வந்தது, பந்தயமும் நடந்தது. திடலில் ஒருவரையொருவர் முந்தத் துடிப்பவர்கள் ஒரே அறையில் தூங்கினார்கள் என்பதை உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். அந்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்து நின்ற இருவரைப் பற்றி அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: அப்பா காலமான பிறகு நானும் தம்பியும் சேர்ந்து இரும்புக் கடை நடத்துகிறோம். மூத்தவன் என்பதால் முடிவு என்னுடையது என்று பேச்சு. ஆனால் அவன்தான் வியாபாரத்தில் கெட்டிக்காரன். மனக்கசப்பு வளர்கிறது. என்ன செய்யட்டும்?
— வாசகர், டொங்காட்

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் தம்பியைக் கெட்டிக்காரன் என்று நீங்களே எழுதியிருப்பது பெரிய மனசு.

1979இல் ஃபெராரி குழுவில் இரண்டு ஓட்டுநர்கள். நம் ஈஸ்ட் லண்டனில் பிறந்த ஜோடி ஷெக்டர் ஒருவர். கனடாவின் ஜில் வில்னூவ் மற்றவர். வில்னூவ் அதிக வேகக்காரர் என்று பலரும் நினைத்தார்கள். மோன்சா பந்தயத்தில் ஷெக்டர் வென்றால் பட்டம் அவருக்கு. வில்னூவ் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, முந்த முயலாமல், அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். ஷெக்டர் சாம்பியன். ஃபார்முலா ஒன்னில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே சாம்பியன் இன்றுவரை அவர்தான். வில்னூவின் திறமை அன்று குறைந்துபோகவில்லை. யார் முன்னால் என்பது பந்தயத்துக்கு முன்பே பேசப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

1982 ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில் அதே வில்னூவ், அதே ஃபெராரி. கூட இருந்தவர் பிரோனி. மூன்று மாதத்துக்கு முன் ஜோஹானஸ்பர்க்கில் ஒரே வேலைநிறுத்தத்தில் சேர்ந்து நின்றவர்கள். இருவரும் முதலிரண்டு இடத்தில் போகும்போது குழு "மெதுவாக" என்று பலகை காட்டியது. இப்போது இருக்கும் வரிசை மாறக் கூடாது என்று வில்னூவ் புரிந்துகொண்டார். காரைப் பார்த்து ஓட்டுங்கள் என்று மட்டும் பிரோனி எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றார். இனி அவரிடம் பேசமாட்டேன் என்றார் வில்னூவ். இரண்டு வாரத்தில், மே 8ஆம் தேதி, பெல்ஜியத்தின் சோல்டரில், புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் விபத்தில் இறந்தார். அப்போது பிரோனியின் நேரம் அவருடையதைவிடச் சிறப்பாக இருந்தது. ஆகஸ்டில் ஜெர்மனியில் நடந்த விபத்தில் பிரோனியின் பந்தய வாழ்வும் முடிந்தது. அந்த ஆண்டுக் குழுப் பட்டம் ஃபெராரிக்குத்தான் கிடைத்தது. அதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

ஒரு சொல். இருவருக்கு இரண்டு பொருள். நீங்கள் "முடிவு மூத்தவனுடையது" என்று சொல்வதும் அந்தப் பலகையைப் போலத்தான் எனக்குத் தெரிகிறது. கடன் கொடுப்பதில் முடிவு யாருடையது? சரக்கு வாங்குவதில்? ஆள் எடுப்பதில்? விலை குறைப்பதில்? தம்பி கெட்டிக்காரர் என்றால் கொள்முதலில் அவர் முன்னால் போகட்டும். நீங்கள் பின்னால் ஒட்டி வாருங்கள். வங்கிக் கடனில் நீங்கள் முன்னால். கருத்து மாறினால் எந்த நாளில் உட்கார்ந்து பேசுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒருவரையொருவர் முந்தக் கூடாது.

பேரேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்பு, உங்கள் அம்மாவையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.